சுடுதண்ணீர் ஏன் பாதியில் ஆறுகிறது?

உருத்திரபுரத்து அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குளியலறைச் சுவரில் பூட்டியிருக்கும் காஸ் ஹீற்றர் முதல் ஆளுக்கு நல்ல சூடாகத் தண்ணீர் தருகிறது. அடுத்தவர் போனால் இரண்டு மூன்று நிமிடத்தில் பச்சைத் தண்ணீர் வருகிறது. கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் திரும்பவும் சுடுகிறது. குசினியில் யாராவது பைப்பைத் திறந்தால் அடுப்பு ஊதி அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. மார்கழியில் இது இன்னும் மோசம். கடைக்காரர் "இது சின்ன மெசின், பெரிசா ஒண்டு வாங்குங்கோ" என்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் தம்பி "அடியில ஊத்தை படிஞ்சிருக்கும், தாங்கியைக் கழுவி விடு" என்கிறார். பிள்ளை பெற்ற மகளும் வயதான மாமியும் இருக்கிற வீட்டில் இரண்டில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். உங்கள் ஹீற்றர் சின்னதும் அல்ல, அதற்குள் கழுவத் தாங்கியும் இல்லை. குறை பெரும்பாலும் நெருப்பில் இராது. ஹீற்றருக்கு வந்து சேரும் தண்ணீரில்தான் இருக்கும். இதே கேள்வி புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் பல வீடுகளில் இருப்பதால் பதிலை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

"வன்னி வெக்கைக்குச் சுடுதண்ணி மெசின் ஒரு ஆடம்பரம்தானே" என்று அயலட்டையில் சிரிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2022 மார்கழியில் மண்டோஸ் புயல் கடந்தபோது வடக்குக் கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்ததை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். மாரி மழையில் நனைந்த விறகை ஊதி ஊதித் தண்ணீர் சுட வைத்தவர்களுக்கு ஆடம்பரம் எது என்று தெரியும்.

முதலில் தம்பி சொன்னதைப் பார்ப்போம். அவர் தன் வீட்டு நிலவறையில் நிற்கும் ஹீற்றரை மனதில் வைத்துப் பேசுகிறார். கனடாவில் பரவலாக உள்ளது 40 கலன், 50 கலன் கொள்ளும் உயரமான தாங்கி, அதாவது 150 முதல் 190 லீற்றர். கீழே காஸ் எரியும், தண்ணீர் சுட்டு உள்ளே நிற்கும். அப்படிப்பட்ட தாங்கியில் சுடுதண்ணீர் உண்மையாகவே தீர்ந்துபோகும். அடியில் வண்டல் படிந்தாலும் சூடு குறையும். உள்ளே வருகிற குளிர்ந்த தண்ணீரைத் தாங்கியின் அடிவரை கொண்டுபோகும் ஒரு நீண்ட பிளாஸ்ரிக் குழாய் அங்கே உண்டு. அது உடைந்தால் குளிர்ந்த தண்ணீர் மேலேயே சுடுதண்ணீருடன் கலந்து, தாங்கி நிறையச் சூடு இருந்தும் பைப்பில் வெதுவெதுப்புத்தான் வரும். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பேர்பெக்ஷன் கோர்ப்பரேஷன் என்ற நிறுவனம் செய்த அந்தக் குழாய்கள் சூட்டில் பொடிப்பொடியாகி, லட்சக்கணக்கான வீடுகளில் இதே முறைப்பாடு எழுந்தது. வழக்கு நடந்து நட்டஈடும் கொடுக்கப்பட்டது. பைப் வாயில் வெள்ளைப் பிளாஸ்ரிக் துண்டுகள் அடைத்துக்கொண்டதே அங்கே அடையாளம். தம்பி சொன்ன மருந்து அந்த நோய்க்குச் சரி. உங்கள் வீட்டு நோய் வேறு.

உங்களிடம் உள்ளது உடனடி ஹீற்றர். அதில் சேமிப்பு எதுவும் இல்லை. பைப்பைத் திறந்ததும் ஓடும் தண்ணீர் உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வைத் தள்ளுகிறது; சவ்வு காஸ் வால்வைத் திறக்கிறது; பற்றரி பொறி தட்ட, நெருப்பு பற்றுகிறது. தண்ணீர் செப்புச் சுருள் வழியாக ஓடிச் சுட்டபடி வெளியே வருகிறது. தண்ணீர் போதிய வேகத்தில் ஓடாவிட்டால் சவ்வு அசையாது, நெருப்பும் வராது. இந்த மெசினை ஆளுவது காஸ் அல்ல, தண்ணீர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

"சின்ன மெசின்" என்ற பேச்சையும் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒட்டுத்தாளில் 6 லீற்றர் என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 6 லீற்றர் தண்ணீரை 25 பாகை சூடேற்றும் என்று அர்த்தம். அதற்கு ஏறத்தாழ பத்தரைக் கிலோவாற்று சூடு வேண்டும். மாசிப் பனியில் ரொறன்ரோ வீட்டுக்குள் வரும் தண்ணீர் 5 பாகை அளவில் நிற்கும். அதைக் குளிக்கும் 40 பாகைக்கு ஏற்ற 35 பாகை ஏறவேண்டும். உங்கள் வீட்டின் மேலே நிற்கும் தண்ணீர்த் தாங்கியில் மார்கழி விடியற்காலையிலும் தண்ணீர் 25 பாகையை ஒட்டித்தான் இருக்கும். 15 பாகை ஏற்றினால் போதும். அதே மெசின் அந்த அளவுக்கு நிமிடத்தில் 10 லீற்றர் சுடவைக்கும், அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு 20 லீற்றர் வாளி. உங்கள் ஷவரில் அதில் பாதி தண்ணீராவது வருகிறதா என்று பாருங்கள். வராது என்றே நினைக்கிறேன். பெரிய மெசின் வாங்கினால் இன்னும் வேகமான தண்ணீர் கேட்கும். உங்கள் கஷ்டம் கூடும்.

இனிச் சோதனை. ஒரு வாளியும் மணிக்கூடும் போதும். காஸைப் பூட்டிவிட்டு, ஹீற்றர் வழியாக வரும் சுடுதண்ணீர்ப் பைப்பை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் வாளிக்குள் விடுங்கள். 5 லீற்றருக்கு மேல் வந்தால் தண்ணீர்ப் பக்கம் சுகம். 3 லீற்றருக்குக் கீழே என்றால் அங்கேயே நில்லுங்கள், நோய் அகப்பட்டுவிட்டது. விடிய ஒருமுறை, எல்லோரும் குளித்து உடுப்பும் தோய்த்த பிறகு ஒருமுறை அளவுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் "இரண்டாவது ஆளுக்கு வராது" என்ற புதிரின் பாதி அவிழ்ந்துவிடும்.

காரணம் தாங்கியின் உயரம். தண்ணீர்த் தாங்கி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுதான் அமுக்கம்: 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார், 1 மீற்றருக்கு அதில் பத்தில் ஒன்று. இது கிளிநொச்சி ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய பாடம் அல்ல. போரின் கடைசிக் காலத்தில் சாய்ந்து, ஆண்டுக்கணக்காக ஏ9 வீதியோரம் கிடந்த அந்தப் பெரிய தாங்கியை ஒரு காலத்தில் அத்தனை உயரத்தில் கட்டியது, நகரத்துப் பைப்புகளுக்கு அமுக்கம் கொடுக்கத்தான். வீடுகளில் நாங்கள் செய்வது வேறு. குளியலறைப் பிளாற்றின் மேலேயே 1000 லீற்றர்த் தாங்கியை இருத்திவிடுகிறோம். அதன் அடி நிலத்திலிருந்து 3 மீற்றர். ஷவர் தலை 2 மீற்றர். மிஞ்சுவது ஒரு மீற்றர் உயரமும் உள்ளே நிற்கும் தண்ணீரின் மட்டமும். இந்த வகை ஹீற்றர்கள் பலவற்றில் குறைந்தது 0.02 அல்லது 0.025 மெகாபாஸ்கல் வேண்டும் என்று எழுதியிருக்கும். அது 2 முதல் இரண்டரை மீற்றர் உயரம். தாங்கி நிறைந்திருக்கும்போது மட்டுமட்டாக வேலை செய்யும். வீட்டுப் புழக்கத்தில் மட்டம் இறங்க இறங்க ஓட்டம் குறையும். குசினிப் பைப் திறந்ததும் மிச்சமும் பங்கு போய்விடும்.

மற்றப் பாதி இன்னும் வேடிக்கையானது. ஓட்டம் குறைந்தால் தண்ணீர் ஆறும் என்றுதான் நினைப்போம். நடப்பது மறுபக்கம். நிமிடத்துக்கு 3 லீற்றர் மட்டும் ஓடும்போது நெருப்பு முழுதாக எரிந்தால் தண்ணீர் 50 பாகை ஏறும். 28 பாகையில் உள்ளே போனது 78 பாகையில் வெளியே வரப்பார்க்கும். ஆட்களைச் சுடாமல் காப்பாற்ற உள்ளே இருக்கும் பாதுகாப்பு உறுப்பு உடனே காஸை வெட்டிவிடும். பிறகு வருவது பச்சைத் தண்ணீர். சுருள் ஆறியதும் திரும்பவும் பற்றும். நீங்கள் எழுதிய "கொஞ்சம் பொறுத்தால் திரும்பச் சுடுகிறது" என்பதற்கு இதுவே விளக்கம். மார்கழியில் குளிருக்குப் பயந்து நெருப்புத் திருகியைக் கூட்டி, தண்ணீர்த் திருகியைக் குறைக்கிறோம். அதனால் இன்னும் கெதியாக வெட்டுகிறது. சூடு போதாமல் அல்ல, சூடு கூடியதால்தான் உங்கள் மெசின் நிற்கிறது. அடுத்த முறை அப்படி நின்றால் நெருப்பைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரை முழுதாகத் திறந்து பாருங்கள். பனி, வெயில் என்று படம் போட்ட திருகி இருந்தால் அதை வெயில் பக்கம் வையுங்கள். நெருப்பு வரிசையில் பாதி மட்டும் எரியும். எங்கள் தண்ணீருக்கு அது தாராளம்.

சில மெசின்களில் 20 நிமிடத்தில் தானாக நிற்கும் ஏற்பாடும் உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் பைப்பை மூடாமலே குளிக்கிற வீட்டில் அதுவும் பழுது போலத் தெரியும். மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

அடுத்தது மணலும் சுண்ணாம்பும். ஹீற்றருக்குள் தண்ணீர் நுழையும் முனையில் நிலக்கடலை அளவில் ஒரு வலை இருக்கும். குழாய்க் கிணற்று மணலும், இரும்புத் தண்ணீரின் செங்காவிப் படிவும், தாங்கிப் பாசியும் அதில் அடையும். பூட்டின நாளிலிருந்து அதைக் கழற்றிப் பார்க்காத வீடுகளே அதிகம். தண்ணீரைப் பூட்டி, முனையைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பூட்டினால் முடிந்தது. ஷவர் தலையையும் கழற்றி ஊறவிடுங்கள். அதன் ஓட்டைகள் அடைபட்டாலும் ஓட்டம் குறையும்.

சுண்ணாம்பு அப்படி லேசில் போகாது. பூநகரி, முழங்காவில், பரந்தன் பக்கங்களில் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. வவுனியாப் பக்கம் கருங்கற் பாறைக்குள் நிற்கும் தண்ணீரும் கடினமானதுதான். சிறுநீரக நோய்க்குப் பயந்து குடிதண்ணீரை வடிகட்டும் நிலையத்தில் வாங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. இலங்கைத் தரநிலையில் குடிதண்ணீரின் கடினத்தன்மைக்கு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். வாங்கிய தண்ணீரைக் குடிக்கிறோம். குளிக்கும் தண்ணீரும் ஹீற்றருக்குள் ஓடும் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீர்தான். அது சுடும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து செப்புச் சுருளின் உட்சுவரில் ஒட்டுகிறது. கேத்திலின் அடியில் நீங்கள் சுரண்டும் அதே வெள்ளை. சுருள் ஒடுங்க ஒடுங்க ஓட்டம் குறையும், ஓட்டம் குறையக் குறையச் சூடு கூடும், சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும். ஒருமுறை தொடங்கினால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நோய் இது.

அதைக் கரைக்க வினாகிரி போதும். சித்திரிக் அமிலத் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. காஸையும் தண்ணீரையும் பூட்டி, சுருளில் நிற்கும் தண்ணீரை வடியவிட்டு, ஒரு முனையால் வினாகிரியை நிரப்பி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசவேண்டும். கை பழகாதவர்கள் இதைப் பழகிய ஒருவரிடம் விடுவதே நல்லது. கழிவறை கழுவும் அசிட்டை மட்டும் ஒருவரும் தொடவேண்டாம். அது சுண்ணாம்பைக் கரைப்பதோடு நிற்காது, செப்பையும் ஈயப் பற்றையும் அரித்து ஒழுக வைத்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரச் சவர்த்தண்ணீரும் செப்புக்கு எதிரிதான். மழைநீர்த் தாங்கி உள்ள வீடுகள் அந்தத் தண்ணீரை ஹீற்றருக்குத் திருப்பினால் சுருள் நீண்ட காலம் உழைக்கும். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை.

தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரியாகியும் சூடு வராவிட்டால்தான் காஸ் பக்கம் போகவேண்டும். பொறி தட்டும் சத்தம் சோர்ந்திருந்தால் இரண்டு பெரிய பற்றரிகளையும் மாற்றுங்கள். அடுப்பும் ஹீற்றரும் ஒரே சிலிண்டரில் ஓடினால், இரண்டும் ஒன்றாக எரியும்போது ரெகுலேற்றர் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு எத்தனை கிலோ விடும் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். ஹீற்றர் முழு நெருப்பில் மணிக்கு ஒரு கிலோ அளவில் எரிக்கும். நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டினால் ஜெற்றிலோ காற்று வழியிலோ குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது சுருளின் வெளிப்புறத்தில் கரி படிந்திருக்கும். இதை நீங்கள் தோண்டவேண்டாம், காஸ் வேலை தெரிந்தவரை அழையுங்கள். இணைப்புகளில் மட்டும் சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழ் வருகிறதா என்று நீங்களே பார்க்கலாம். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்து, சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவை வரைக்கும் விவாதம் போனதற்குப் பிறகு இந்த நுரைச் சோதனையை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து பார்சலில் ஹீற்றர் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே வீட்டுக்குள் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. இங்கே சிலிண்டரில் இருப்பது திரவமாக்கிய பெற்றோலிய வாயு. இயற்கை எரிவாயுவுக்கான ஜெற்றின் ஓட்டை பெரிது. அதை எங்கள் சிலிண்டரில் கொழுவினால் நெருப்பு அளவுமீறி எழும்பும், கரி கக்கும். சீனத் தயாரிப்பானால் ஒட்டுத்தாளில் 20வை என்று இருந்தால் சிலிண்டருக்கு உரியது. 12ரி என்றால் இயற்கை எரிவாயுவுக்கு உரியது. பார்சல் கட்டும் முன் அதைப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 20 லீற்றர் வாளி ஒன்றை 15 பாகை ஏற்ற 32 கிராம் அளவில் காஸ் போகும். பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டர் கிட்டத்தட்ட 390 வாளிக்கு வரும். 2022 சித்திரையில் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றோமே, அன்றைய கணக்கிலும் வாளிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாதான். பெரிய செலவு அல்ல. ஆனால் மகளின் வேதுத் தண்ணீருக்கு ஹீற்றரை நம்பாதீர்கள். வேப்பிலையும் நொச்சியும் பாவட்டையும் போட்டு அவிக்க வேண்டிய தண்ணீர் கொதிக்கவேண்டும், அதற்கு அடுப்புத்தான். குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் ஹீற்றர்ப் பைப்பின் கீழ் பிடிக்காமல், வாளியில் எடுத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து ஊற்றுங்கள். 60 பாகைத் தண்ணீர் சில விநாடியில் தோலை வேகவைக்கும். பச்சைக் குழந்தைக்கும் மாமிக்கும் அதைவிடக் கெதியாக.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஹீற்றர் குளியலறைக்கு உள்ளே இருக்கிறது என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். நுளம்பு வராமல் இருக்கக் காற்றுக்கல்லையும் அடைத்து விட்டதாகப் பிறகு சொல்கிறீர்கள். சுடுதண்ணீர் போதாமையை விட எனக்கு இதுதான் கவலை. மூடிய சின்ன அறைக்குள் காஸ் எரிந்தால் காற்றில் ஒட்சிசன் குறையும், நெருப்பு சரியாக எரியாது, காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலையிடி, பிறகு தலைச்சுற்றும் சத்தியும், பிறகு கால் சோர்ந்து கதவைத் திறக்கவும் முடியாமல் விழுவார்கள். காஸ் ஹீற்றர் பூட்டிய குளியலறைகளில் இப்படி மயங்கியவர்களையும் இறந்தவர்களையும் பற்றி இந்திய மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். யாராவது உள்ளே பேச்சில்லாமல் போனால் கதவை உடைத்து, காஸைப் பூட்டி, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

ஆகவே வேலை செய்ய வேண்டிய ஒழுங்கு இது. ஹீற்றரையும் சிலிண்டரையும் வெளிச்சுவருக்கு மாற்றி, மழை படாமல் மேலே ஒரு தகரம் அடித்து, சுடுதண்ணீர்ப் பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். காற்றுக்கல்லைத் திறந்து நுளம்பு வலை அடியுங்கள். பிறகு வலையைக் கழுவுங்கள், சுருளைக் கரையுங்கள். அதன் பிறகும் வாளிச் சோதனையில் ஓட்டம் போதாவிட்டால் தாங்கிக்கு இரும்புச் சட்டம் ஒன்று அடித்து இரண்டு மீற்றராவது உயர்த்துங்கள். நிறைந்தால் ஒரு தொன்னுக்கு மேல் பாரம் வரும் என்பதால் அதைத் தெரிந்த மேசனைக் கேட்டுச் செய்யுங்கள். ஹீற்றருக்குத் தாங்கியிலிருந்து தனி லைன் இழுத்தால் குசினிப் பைப் இனி இடைஞ்சல் தராது. அதுவரை ஷவரை விட்டுவிட்டுத் தாழ்வாக உள்ள பைப்பில் வாளிக்குப் பிடியுங்கள். ஷவரை விட ஒன்றரை மீற்றர் கீழே என்பதால் இன்றைக்கே ஓட்டம் கூடும்.

புது மெசினுக்குப் போகவிருந்த காசைத் தாங்கிக்குச் செலவழியுங்கள் அக்கா. ஆனால் ஹீற்றர் வெளியே வரும் வரைக்கும், கதவைப் பூட்டிக்கொண்டு அதில் ஒருவரையும் குளிக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர்